தென்கோடிக் கடலில் ஓர் இல்லறம்

உலகப் படத்தை விரித்துத் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையை வடக்கிலிருந்து தெற்கு நோக்கி விரலால் தொடர்ந்து வருவோமானால், பெரு நாட்டிலும் சிலியின் வட பாதியிலும் அது கோடு இழுத்தாற்போல் செல்வதைக் காண்போம். புவர்த்தோ மோன்ட் என்னும் துறைமுகத்தைத் தாண்டியதும் அந்தக் கோடு சிதறிவிடுகிறது. ஆண்டீஸ் மலைத்தொடர் அங்கே கடலுக்குள் இறங்குகின்றது. பழங்காலப் பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகளில் கடல் புகுந்து, மலைகளின் உச்சிகளைத் தீவுகளாகவும், இடைப்பட்ட பள்ளங்களைக் குறுகிய கால்வாய்களாகவும் ஆக்கிவிட்டது. இவ்வாறு ஆயிரக்கணக்கான தீவுகளாய் உடைந்த கரை, 1000 கடல் மைலுக்கும் மேலாக நீண்டு ஹார்ன் முனையில் முடிகிறது. பட்டகோனியா என்று பெயர் பெற்ற இக்கரையின் தென்பகுதியில் நாள் கணக்கில் படகு ஓட்டினாலும் ஒரு வீட்டையோ விளக்கையோ காண்பது அரிது.

இத்தகைய கரையோரமாக, 30 அல்லது 40 அடி நீளமுள்ள சிறு பாய்ப்படகில், கணவனும் மனைவியும் மட்டுமாகப் பயணம் செய்கின்ற தம்பதியர் ஆண்டுதோறும் சிலர் உண்டு. அவர்களுள் பலர் செல்வந்தர் அல்லர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இருந்த வீட்டை விற்றுப் படகையே வீடாக்கிக்கொண்டவர்களும் இருக்கின்றனர். எதற்காக அங்கே போகிறீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு விடை சொல்வர். அந்த ஆராய்ச்சியில் நாம் இறங்கப்போவதில்லை. இருவர் மட்டுமே உள்ள அந்தப் படகில் உழைப்பும் அச்சமும் முடிவெடுக்கும் பொறுப்பும் எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பதே நம் கவனத்தைக் கவர்கிறது. குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அது அந்நியமான செய்தி அன்று.

அக்கரையின் இயல்பை அங்குள்ள பெயர்களே சொல்லிவிடும். முதலில் வந்த மாலுமிகள் பெரும்பாலும் தங்கள் மனநிலையையே இடங்களுக்குப் பெயராக வைத்துச் சென்றிருக்கிறார்கள். துயரங்களின் வளைகுடா, பாழ்த்தீவு, பயனற்ற விரிகுடா, கடைசி நம்பிக்கை என்றெல்லாம் இன்றைய வரைபடங்களிலும் காணலாம். மகெல்லன் நீரிணையில் 'பஞ்சத் துறை' என்றோர் இடம் உண்டு. 1584ஆம் ஆண்டு ஸ்பானியர் அங்கே ஒரு குடியிருப்பை நிறுவினர். உணவின்றியும் குளிராலும் குடியேறியவர்களில் பெரும்பாலோர் மடிந்தனர். 1587இல் அவ்வழியே வந்த ஆங்கிலேயக் கப்பல் தலைவர் கேவண்டிஷ் அந்தப் பாழூரைக் கண்டு இட்ட பெயரே இன்றும் நிலைத்துள்ளது. இத்தனைக்கும் நடுவே வேறு வகைப் பெயர் ஒன்றும் இருந்தது. 1520இல் மகெல்லன் அந்நீரிணைக்குச் சூட்டிய பெயர் 'சகல அர்ச்சிஷ்டவர்கள்' என்பதாகும். அவ்வாண்டு நவம்பர் 11ஆம் நாள் அவருடைய கப்பற்படையின் குருவானவர் நீரிணைக் கரையில் நிறைவேற்றிய திருப்பலியே சிலி நாட்டு மண்ணின் முதல் திருப்பலி என்று அந்நாட்டுத் திருச்சபை போற்றி வருகிறது.

பூகோள வகுப்பில் 'கர்ஜிக்கும் நாற்பதுகள்', 'சீறும் ஐம்பதுகள்' என்று நாம் படித்த காற்றுகள் இவைதாம். தென் துருவத்தைச் சுற்றியுள்ள கடலில் மேற்கிலிருந்து வீசும் காற்றைத் தடுக்க நிலமே இல்லை. உலகைச் சுற்றி ஓடிவரும் அந்தக் காற்று முதன்முதலாக மோதுகின்ற சுவர் இந்த மலைகள். மோதி மேலெழும் காற்று, மறுபுறம் குளிர்ந்து கனத்துப் பள்ளத்தாக்குகளின் வழியே திடீரென்று கீழே விழுகின்றது. இதனை மாலுமிகள் 'வில்லிவா' என்று அழைப்பர். அமைதியாயிருந்த நீர்ப்பரப்பு ஒரு கணத்தில் வெண்புகையாய்க் கிளம்பி வரும். அடுத்த கணம் படகு பக்கவாட்டில் சாயும். சில நிமிடங்களில் மீண்டும் அமைதி. காற்று எத்திசையிலிருந்து விழும் என்று முன்கூட்டிச் சொல்லவும் இயலாது. மழையோ ஓயாது, மேற்கு ஓரத்தில் பல இடங்களில் ஆண்டுக்கு 4000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது.

ஆகவே அங்கே படகோட்டுவதைக் காட்டிலும் படகை நிறுத்துவதே பெரிய வேலை. கரையை ஒட்டியே கடல் ஆழமாக இருப்பதாலும், அடித்தளம் பாறையாகவோ நெடிய கடற்பாசி மூடியதாகவோ இருப்பதாலும், நங்கூரம் ஒன்றை மட்டும் நம்ப முடியாது. இதற்கென்று ஒரு முறை வழக்கில் உண்டு. 'காலெத்தா' என்று ஸ்பானிய மொழியில் வழங்கும் சிறு குடா ஒன்றைத் தேடி, அதன் வாயிலில் நங்கூரத்தைப் போட்டு, படகைப் பின்னோக்கிச் செலுத்தி மரங்களின் அடிவரை நெருக்கமாகக் கொண்டுசெல்வர். பின்னர் 100 மீட்டர் நீளமுள்ள கயிறுகளை இரண்டாகவோ நான்காகவோ கரையிலுள்ள மரங்களிலும் பாறைகளிலும் கட்டிவிடுவர். சிலந்தி வலையின் நடுவே சிலந்தி இருப்பதுபோல் படகு நடுவில் நிற்கும். மேலே வில்லிவா விழுந்தாலும் மரங்களின் மறைவில் உள்ள படகை அது தாண்டிச் சென்றுவிடும்.

சொல்வதற்கு எளிது. செய்வதற்கு இருவர்தாம் இருக்கிறார்கள். ஒருவர் சிறு தோணியில் இறங்கி, கயிற்றின் நுனியை இழுத்துக்கொண்டு கரைக்குத் துடுப்பு வலித்துச் செல்ல வேண்டும். வழுக்கும் பாறையில் தாவி ஏறி, முள்ளும் புதரும் நிறைந்த சரிவில் உறுதியான மரமொன்றைத் தேர்ந்து கட்ட வேண்டும். மற்றவர் அதுவரை இயந்திரத்தை இயக்கிப் படகைப் பாறையில் மோதாதபடி நிறுத்திப் பிடிக்க வேண்டும். காற்றிலே கூவினாலும் காதில் விழாது. ஆதலால் கையசைவுகளை முன்னமே பேசி வைத்துக்கொள்கிறார்கள். கயிற்றை எடுத்துச் சென்றவர் மரத்தைத் தேடும் அந்த ஐந்து நிமிடம் படகு முழுவதும் துணைவரின் கையில் இருக்கிறது. படகில் நிற்பவர் தவறினால் கரையிலிருப்பவருக்குத் திரும்பிச் செல்ல வீடே இல்லை. கரைக்குச் சென்றவர் கட்டிய முடிச்சு தளர்ந்தால் நள்ளிரவில் இருவரும் பாறைமேல் கிடப்பர். கணவர் தலைவர், மனைவி சமையற்காரி என்ற பாகுபாடு இந்தக் கரையில் செல்லாது. தோணி வலிப்பதும் படகைப் பிடிப்பதும் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சில தம்பதியர் இயந்திரம் பிடிக்கும் வேலையை மனைவிக்கே விட்டு, உடல்வலு தேவைப்படும் தோணி வேலையைக் கணவர் மேற்கொள்கின்றனர். நமக்கும் அதுவே நியாயமாகத் தோன்றுகிறது.

இவ்வகைப் பங்கீட்டை ஐரோப்பியர் கண்டுபிடித்ததாக எண்ண வேண்டாம். அவர்கள் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இக்கடலில் குடும்பம் நடத்தியவர்கள் யாகான் மக்கள். மரப்பட்டைகளைத் தைத்துச் செய்த ஓடத்தில் கணவன், மனைவி, குழந்தைகள், நாய்கள் யாவரும் வாழ்ந்தனர். ஓடத்தின் முன்புறத்தில் ஈட்டியோடு நின்று கடல்நாய் வேட்டையாடுவது கணவனின் வேலை. துடுப்பு வலிப்பதும் ஓடத்தைச் செலுத்துவதும் மனைவியின் வேலை. நடுவில் மண் பரப்பி, அதன்மேல் அணையாத நெருப்பு. அதைக் காப்பது பிள்ளைகளின் பொறுப்பு. கரை சேர்ந்ததும் மற்றவர்களை இறக்கிவிட்டு, மனைவி மட்டும் ஓடத்தைச் சற்று அப்பால் கொண்டுசென்று, நெடிய கடற்பாசிக் கொடியில் அதைக் கட்டிவிட்டு, அந்தப் பனிநீரில் நீந்திக் கரைக்கு வருவாள். யாகான் ஆண்களில் பலருக்கு நீந்தத் தெரியாது. நீச்சல் பெண்களின் கலை. சிப்பிகளை மூழ்கி எடுத்தவர்களும் அவர்களே. 'தீ நிலம்' என்று பொருள்படும் டியெரா டெல் ஃபியூகோ என்னும் பெயர், மகெல்லனின் மாலுமிகள் கரையில் கண்ட நெருப்புகளால் வந்தது.

இத்தகவல்களில் பலவற்றை உலகுக்குப் பதிவு செய்து தந்தவர் மார்ட்டின் குசிந்தே என்னும் ஜெர்மானியக் குருவானவர். இறைவார்த்தைச் சபையைச் சேர்ந்த அவர் 1918க்கும் 1924க்கும் இடையே நான்கு முறை அங்கு சென்று அம்மக்களோடு தங்கினார். அவர் சென்ற காலத்தில் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர். வேட்டைக் கப்பல்களும் குடியேற்றமும் கொண்டுவந்த நோய்கள் அவர்களை அழித்திருந்தன. அடைக்கலம் தர முயன்ற இடங்களும் தப்பவில்லை. சலேசிய சபையார் 1889இல் டாசன் தீவில் தொடங்கிய மறைப்பணி நிலையத்தில் அண்டை இனத்தாரைக் குடியேற்றினர்; அங்கேயும் நோய் பரவி, கல்லறை பெருகி, 1911இல் நிலையம் மூடப்பட்டது. யாகான் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மூதாட்டி கிறிஸ்தினா கால்தெரோன் 2022 பிப்ரவரியில் தமது 93ஆம் வயதில் காலமானார். இன்று அக்கால்வாய்களில் மகிழ்ச்சியோடு பாய் விரிக்கின்ற தம்பதியர், ஆளில்லாத கரை என்று அதனைச் சொல்லும்போது, அது ஆளில்லாமல் ஆக்கப்பட்ட கரை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து பாய்ப்படகில் வந்த தம்பதியருள் மைல்ஸ் ஸ்மீட்டன், பெரில் ஸ்மீட்டன் இருவரும் பெரும் புகழ் பெற்றவர்கள். மைல்ஸ் அக்கால இந்தியப் படையில் அதிகாரியாக இருந்தவர். 1939இல் இருவரும் இந்துகுஷ் மலைத்தொடரின் திரிச் மிர் சிகரத்தில் ஏற முயன்றபோது உடன் சென்ற இளைஞர், பின்னாளில் எவரெஸ்டை வென்ற டென்சிங் நார்கே என்பது நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும். போருக்குப் பின் அவர்கள் 'ட்சூ ஹாங்' என்ற 46 அடிப் படகை வாங்கினர். கடல் அனுபவம் இல்லாமலே வாங்கியவர்கள், ஓட்டியே கற்றுக்கொண்டனர்.

1956 டிசம்பரில் மெல்போர்னிலிருந்து ஹார்ன் முனையை நோக்கிப் புறப்பட்டனர். ஜான் கஸ்வெல் என்னும் இளம் தச்சரும், ஒரு சியாமியப் பூனையும் உடன் இருந்தனர். 1957 பிப்ரவரி 14ஆம் நாள் காலை பெரில் சுக்கானைப் பிடித்திருந்தார். பின்னாலிருந்து எழுந்த ஓர் அலை படகைத் தலைகுப்புறப் புரட்டியது. இடுப்பில் கட்டியிருந்த காப்புக் கயிறு அறுந்து பெரில் கடலில் வீசப்பட்டார். மைல்ஸும் கஸ்வெல்லும் மேலே ஏறி வந்தபோது பாய்மரங்கள் இரண்டும் இல்லை. அறையின் கூரையில் பெருந்துளை. படகுக்குள் பாதியளவு நீர். பெரில் சிறிது தூரத்தில் மிதந்துகொண்டிருந்தார். தோளில் அடிபட்டிருந்தும் உடைந்த மரத்துண்டுகளின் ஊடே நீந்தி வந்து சேர்ந்த அவரைத் தூக்கி ஏற்றினர். அதன்பின் அவர் செய்த காரியம், வாளியை எடுத்து நீரை இறைக்கத் தொடங்கியதே. கஸ்வெல் துளையை அடைத்து, கிடைத்த பலகைகளால் தற்காலிகப் பாய்மரம் செய்தார். ஒரு மாதத்துக்கும் மேலாகத் தள்ளாடி அவர்கள் சிலியின் கொரோனெல் துறைமுகத்தை அடைந்தனர். பூனையும் பிழைத்தது.

அவ்வாண்டு டிசம்பரில், படகைச் செப்பனிட்டுக்கொண்டு, இம்முறை இருவர் மட்டுமாக மீண்டும் புறப்பட்டனர். கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு மறுநாள் படகு மறுபடியும் உருண்டது. மீண்டும் பாய்மரங்கள் போயின. அந்தத் தடவை தச்சர் இல்லை. இருவருமாகவே ஒட்டுப்போட்டு வால்பரைசோ வந்து சேர்ந்தனர். இவ்விரு பயணங்களைப் பற்றி மைல்ஸ் எழுதிய புத்தகத்தின் தலைப்பு, ஒரு முறை போதும் என்று பொருள்படும் 'ஒன்ஸ் இஸ் இனஃப்' என்பதாகும். அந்தத் தலைப்புக்கு அவர்கள் கட்டுப்படவில்லை. 1968 டிசம்பரில், மைல்ஸுக்கு 62, பெரிலுக்கு 63 வயதாகியிருந்தபோது, ஓர் இளைஞரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கிழக்கிலிருந்து மேற்காக, எதிர்க்காற்றில் ஹார்ன் முனையைச் சுற்றியேவிட்டனர்.

இக்கதையைக் கேட்பவர் அத்துணிவை வியப்பர். நாமும் வியக்கிறோம், ஆனால் பின்பற்றத்தக்கது என்று சொல்ல மனம் வரவில்லை. அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள் என்பதும் நம் நினைவில் நிற்கிறது.

அமெரிக்கரான ஹால் ராத்தும் அவர் மனைவி மார்கரெட்டும் 1970களின் நடுவில் 'விஸ்பர்' என்ற 35 அடிப் படகில் இக்கால்வாய்களில் பயணம் செய்தனர். ஹார்ன் முனைக்கு அருகிலுள்ள உல்லாஸ்டன் தீவுகளில், நண்பர்கள் இருவரும் உடனிருந்தபோது, புயலில் படகு கரையேறி உடைந்தது. நால்வரும் கரையில் பாய்த்துணியால் கூடாரம் அமைத்துத் தங்கினர். சிலி நாட்டுக் கடற்படையினர் அவர்களைக் கண்டு மீட்டனர். அதோடு நில்லாமல், உடைந்த படகையும் மீட்க உதவினர். அதைச் சீர்செய்து, அதே படகில் பயணத்தை முடித்த பின்பே ராத் தம்பதியர் ஊர் திரும்பினர். 1978இல் வெளிவந்த அவர்களுடைய புத்தகம் அக்கரைக்குச் செல்வோர் பலரால் விரும்பிப் படிக்கப்பட்டது.

வேறு போக்கில் சென்றவர்கள் லாரி பார்டி, லின் பார்டி தம்பதியர். தங்கள் படகுகள் இரண்டையும் தாங்களே கட்டினர். இரண்டிலும் இயந்திரமே கிடையாது. காற்று இல்லையெனில் நீண்ட துடுப்பால் தள்ளுவர். 30 அடிக்கு உட்பட்ட 'தாலியெசின்' என்னும் படகில் 2002ஆம் ஆண்டு கிழக்கிலிருந்து மேற்காக ஹார்ன் முனையைச் சுற்றினர். அப்போது லாரிக்கு 62 வயது. அதற்கு முன் முப்பதாண்டுகளுக்கும் மேலாக அவர்கள் கடலிலேயே இருந்தவர்கள். அவசரப்படாமல், ஏற்ற வானிலைக்காகக் காத்திருந்து, வந்ததும் போய்விட்டனர். ஸ்மீட்டன் கதையைப்போல் அதில் சொல்லிச் சிலிர்க்க நிகழ்ச்சிகள் குறைவு. நல்ல மாலுமித்தனத்துக்கு அதுவே அடையாளம் என்பது நம் கருத்து.

காத்திருத்தல் என்பது அங்கே ஒரு தொழில். பாரமானியின் முள் இறங்கினால் வடமேற்குக் காற்று வலுக்கும். முள் ஏறத் தொடங்கினால் காற்று தென்மேற்குக்குத் திரும்பும். இரண்டுக்கும் இடையே சில மணி நேரம் வழி கிடைக்கும். அதற்காக ஒரே குடாவில் மூன்று நாள், ஐந்து நாள், சில வேளைகளில் பத்து நாள் கூடக் கயிறுகளின் நடுவே கிடக்க நேரும். இன்று செயற்கைக்கோள் வழியே வானிலை அறிக்கை வருகின்றது. ஆயினும் மலைச்சந்தின் உள்ளே எப்படி வீசும் என்பதை அந்த அறிக்கை சொல்லாது. மழை கூரையைத் தட்டிக்கொண்டேயிருக்க, பத்தடிக்குப் பத்தடி கூட இல்லாத ஓர் அறையில் இருவர். ஈரத்துணிகள் அடுப்பின்மேல் தொங்குகின்றன. போகலாம் என்கிறார் ஒருவர், வேண்டாம் என்கிறார் மற்றவர். பல படகுகளில் இதற்கொரு சட்டம் உண்டு. இருவரில் எவர் அதிக அச்சம் கொண்டிருக்கிறாரோ அவர் சொல்வதே முடிவு. வாதம் செய்து அச்சத்தைத் தோற்கடிக்கக் கூடாது. ஏனெனில் விருப்பமின்றி வந்தவர் மீதுதான் நாளை நள்ளிரவில் படகைக் காக்கும் முறை விழும்.

அந்த முறை முக்கியமாக வேண்டப்படுவது துயரங்களின் வளைகுடாவில். கால்வாய்கள் அங்கே அறுபட்டு, திறந்த பசிபிக் கடலில் ஓர் இரவேனும் ஓட வேண்டியிருக்கிறது. ஒருவர் மூன்று நான்கு மணி நேரம் விழித்திருக்க, மற்றவர் உறங்குவார். ஒரே படகில் இருந்தும் கணவனும் மனைவியும் முறை மாறும் நேரத்தில் மட்டுமே பார்த்துக்கொள்வர். கடல்நீர் மிகவும் குளிர்ந்தது. விழுந்தவருக்கு நிமிடங்களே அவகாசம். ஆகவே துணைவரை எழுப்பாமல் மேல்தளத்தின் முன்புறம் செல்லக் கூடாது, காப்புக் கயிறின்றி ஏறக் கூடாது என்பன மீறப்படாத ஒழுங்குகள்.

தனிமை பெரிது என்றாலும் முற்றிலும் கைவிடப்பட்டவர்கள் அல்லர். ஒவ்வொரு படகும் சிலி கடற்படையிடம் பயண அனுமதிச் சீட்டுப் பெற்றே புறப்பட வேண்டும். காலையும் மாலையும் தாம் இருக்கும் இடத்தைத் தெரிவிக்க வேண்டும். மீனவர்கள் எதிர்ப்பட்டால் ராஜநண்டு தருவார்கள். பதிலுக்கு ரொட்டியோ ஒரு புட்டி திராட்சை மதுவோ கொடுப்பது மரபு. சிப்பிகளை மட்டும் பறித்துத் தின்னக் கூடாது. 'செங்கடல் நஞ்சு' என்னும் நுண்பாசியால் உயிரிழந்தவர்கள் உண்டு. நன்னீருக்குக் குறைவில்லை. அருவியின்கீழ் குழாயைப் பிடித்தால் போதும்.

வழிகாட்டி நூலும் ஒரு தம்பதியரின் உழைப்பே. இத்தாலியரான மரியோலினா ரோல்ஃபோ, ஜியார்ஜியோ ஆர்ட்ரிஸி இருவரும் பல பருவங்கள் இக்கரையில் ஓடி, நூற்றுக்கணக்கான குடாக்களின் ஆழத்தையும் தரையையும் எந்த மரத்தில் கட்டலாம் என்பதையும் குறித்து 2004இல் நூலாக வெளியிட்டனர். பழைய கடற்படங்கள் பலவற்றில் தீவுகளின் இருப்பிடம் சற்றே தவறாகக் குறிக்கப்பட்டிருந்ததால், செயற்கைக்கோள் கருவி காட்டும் இடத்தை அப்படியே நம்பினால் படகு மலைமேல் ஓடுவதாகத் தோன்றும். அவர்களுக்கும் முன்னோடி ஒருவர் இருந்தார். சலேசிய சபைக் குருவானவர் அல்பெர்த்தோ டி அகொஸ்தினி 1910இல் அங்கு வந்து, பல்லாண்டுகள் மலைகளையும் பனியாறுகளையும் நடந்தும் படகிலும் ஆராய்ந்து, படம் பிடித்து, வரைபடம் தீட்டினார். பீகிள் கால்வாயில் பனியாறுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் இறங்கும் பகுதியை உள்ளடக்கிய தேசியப் பூங்கா இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பீகிள் கால்வாயின் கரையிலுள்ள புவர்த்தோ வில்லியம்ஸ் என்னும் சிற்றூரில், 'மிகால்வி' என்ற பழைய கப்பல் தரைதட்டி நிற்கிறது. பாய்ப்படகுகள் அதன் பக்கத்தில் கட்டப்படுகின்றன. அங்கிருந்து நல்ல வானிலையில் ஒன்றிரண்டு நாட்களில் ஹார்ன் தீவை அடையலாம். அத்தீவில் கலங்கரை விளக்கைக் காப்பவர் சிலி கடற்படையின் பணியாளர் ஒருவர். மனைவி மக்களோடு ஏறத்தாழ ஓராண்டு அங்கே தங்குகிறார். அக்கம்பக்கத்தில் வேறு வீடு கிடையாது. மரத்தாலான சிறு சிற்றாலயம் ஒன்று உண்டு. 'கடலின் விண்மீன்' என்னும் பெயரால் தேவ அன்னைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கடந்து செல்லும் படகுகளைக் காவலர் வானொலியில் அழைத்து, பெயரையும் எத்தனை பேர் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்வார்.

தீவின் அருகே நங்கூரம் போடலாம். ஆனால் அந்தக் குடா திறந்தது, கடற்பாசி அடர்ந்தது, காற்று திரும்பினால் உடனே கிளம்ப வேண்டியது. ஆதலால் படகை ஆளின்றி விடுவதில்லை. இத்தனை தூரம் சேர்ந்து வந்த கணவனும் மனைவியும் ஹார்ன் தீவில் மட்டும் சேர்ந்து கால்வைக்க முடிவதில்லை. ஒருவர் தோணியில் சென்று, செங்குத்தான மரப்படிகளில் ஏறி, சிற்றாலயத்தில் சிறிது நேரம் இருந்து, காவலரின் குடும்பத்தோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்புகிறார். அவர் படகைப் பொறுப்பேற்ற பிறகே மற்றவர் தோணியில் இறங்குகிறார். வருகைப் பதிவேட்டில் இருவர் கையெழுத்தும் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்தாலும், இடையே ஒரு மணி நேரம் கழிந்திருக்கும்.